மாதா தாண்டிப் போன வீடு

சின்ன வயதில் என்னோடு ஒரே வருஷத்தில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கியவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது நம் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை. கொரோனா சமயத்தில் போனில் பூசை பார்க்கப் பழகியவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். என் மகனும் அப்படித்தான். "சாமி எல்லா எடத்துலயும் இருக்காரும்மா. பங்குக் கோயில்ல பேரு இருந்தாத்தான் நம்ம ஜெபத்தைக் கேப்பாரா?" என்கிறான்.

நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. பெற்ற பிள்ளை முன்னால்கூட வராது. ஆனால் பதில் இல்லாமல் இல்லை. ஓர் அக்டோபரில், செபமாலை மாதம் முழுக்க, அந்தப் பதில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்தது.

அப்போது நாங்கள் சங்ககிரி ரோட்டோரம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். தோட்டத்துக்காரர் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஓட்டு வீடுகள், வரிசையாக ஆறு. முன்னால் ரோட்டில் லாரிகள் ஓய்வதே இல்லை. பின்னால் குச்சிக்கிழங்குக் காடு. அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவருடைய சட்டை எல்லாவற்றிலும் தீப்பொறி விழுந்து கடுகு கடுகாக ஓட்டை இருக்கும். சாயங்காலம் பெயிண்டும் கருகிய இரும்பும் கலந்த வாசனை முதலில் வீட்டுக்குள் வரும். அப்புறம்தான் அப்பா வருவார்.

அந்தப் பக்கத்தில் நம் கோயில் ஆட்கள் வீடு முப்பதுக்குள்தான் இருக்கும். எல்லாரும் லாரியையும் பட்டறையையும் நம்பி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபம் சொல்கிற அன்பியம் என்ற பேச்சு நம் பங்குக்கு அப்போதுதான் வந்தது. பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிமேல் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். பட்டறையில் யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டிய மனுஷன் அவர். அந்த ஒரு வார்த்தையில் அப்பாவின் நடையே மாறிப்போனது. பூசைக்குப் போகும்போது சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டார்.

அக்டோபர் வந்தால் நமக்குத் திருவிழாதான். உங்களுக்கும் மறந்திருக்காது. மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்கு வரும். கண்ணாடி போட்ட மரக்கூட்டுக்குள் முழ உயரத்தில் நீல முக்காடு போட்ட மாதா. மூக்கு நுனி எப்போதோ உடைந்து உள்ளேயிருந்த வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். மாதா வருகிற வீட்டில் முந்தின நாளே சாணம் தெளித்து, பழைய துணியை எல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சாயங்காலம் சுண்டல் வேக வைப்பார்கள். சுண்டல் வேகும் வாசனையை வைத்தே இன்றைக்கு எந்த வீடு என்று பிள்ளைகள் நாம் சொல்லிவிடுவோம்.

பிள்ளைகளுக்குக் கொட்டாங்குச்சி விளக்கு. பாதித் தேங்காய் ஓட்டுக்குள் மெழுகுவர்த்தியை உருக்கி நிற்க வைத்து, காற்றில் அணையாமல் சுற்றிலும் ரோஸ் காகிதம் ஒட்டிக்கொள்வோம். கை சுட்டால் கீழே போட மாட்டோம், மாதா கோபித்துக்கொள்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்போம். இப்போது யார் கையிலும் அது இல்லை. பிள்ளைகள் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

மாதா ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்கு ஒரு முறை உண்டு. அடுத்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து, மாதா இருக்கும் வீட்டு நிலைப்படியில் நின்று, "மாதாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கறோம்" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கூட்டைத் தூக்கி அவர்கள் தலையில் வைப்பார். பிறகுதான் பாட்டு கிளம்பும். வந்து கேட்காத வீட்டுக்கு மாதா போக மாட்டார்கள். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று சொல்வது அப்பாவின் வேலை. பங்கில் பேர் உள்ள வீடுகள் மட்டும்தான் அவர் கணக்கில் வரும்.

அந்த வருஷம் கோடையில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு ஓர் அக்கா குடி வந்தார். ஆத்தூர்ப் பக்கத்து ஊர். புருஷன் போர்வெல் வண்டியில் வேலை. சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு நாள் இருந்து, வண்டியோடு வடக்கே போய்விட்டார். அந்த வண்டிக்காரர்கள் போனால் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வீட்டில் அக்காவும் அவருடைய மாமனாரும்தான். நாங்கள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டோம். ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்கிய உடம்பு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. வாயும் அந்தப் பக்கமாகக் கோணிக்கொண்டதால் பேச்சு குழறும்.

அவர்களும் நம் ஆட்கள்தான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. சாமான் இறக்கும்போது முதலில் உள்ளே போனது இயேசுவின் திருஇருதயப் படம். அம்மா பார்த்துவிட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு வருவார். கடைசித் தூணோரம் நிற்பார். நன்மை வாங்கியதும், சாமியார் கடைசி ஆசீர் கொடுப்பதற்குள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடுவார். அதைப் பார்த்து நம் பெண்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள்.

"பஸ்ஸப் புடிக்கற மாதிரி ஓடுதே, என்ன அவசரமோ?"

"அந்தூர்ல பூசை அவ்வளவுதானோ என்னமோ."

வீட்டில் படுக்கையில் ஒருவர் தனியாகக் கிடக்கிறார் என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவும் அந்தப் பேச்சில் பேசாமல்தான் நின்றார்.

ஒரு ஞாயிறு அப்பா அக்காவைக் கோயில் வாசலில் மறித்துப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா, பங்குல பேரு சேக்கணுமில்ல? உங்கூரு சாமியார்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வந்துரு. நம்ம சாமியார்கிட்டக் குடுத்துச் சேத்துக்கலாம்."

"சரிங்கண்ணே" என்றார் அக்கா. அவருடைய கண் ரோட்டிலேயே இருந்தது.

"மாமனாருக்கு மாச முதல் வெள்ளிக்கு வீட்டுக்கே நன்மை கொண்டாரணும்னாலும் பேரு இருந்தாத்தான் சாமியார் வருவாரு. சீக்கிரம் வாங்கிரு."

"வாங்கிடறேங்கண்ணே."

அவ்வளவுதான். அக்கா போய்விட்டார். அப்பாவுக்குத் தன் கடமை முடிந்தது. அக்கா எப்படி ஆத்தூருக்குப் போவார் என்று அவர் நினைக்கவில்லை. போய்வர ஒரு முழு நாள் ஆகும். அந்த ஒரு நாள் தாத்தாவை யார் திருப்பிப் படுக்க வைப்பார்கள், யார் கஞ்சி ஊட்டுவார்கள்? அம்மா இதை ஒரு தடவை வீட்டில் சொல்லிப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள அந்தக் கெழவனைப் போட்டுட்டு எப்படிங்க ஊருக்குப் போவும்? நீங்களே சாமியார்கிட்டச் சொல்லிச் சேத்துடலாமில்ல?"

"எல்லாருக்கும் ஒரே முறைதான். போன தடவ பட்டது போதாதா?"

போன தடவை என்று அவர் சொன்னது இதைத்தான். அதற்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் வந்து, நானும் கிறிஸ்தவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னான். அப்பா அதை நம்பிச் சொன்ன வார்த்தையில் சாமியார் அவனுக்கு நம் கோயிலிலேயே கல்யாணம் செய்து வைக்க இருந்தார். கோயிலில் மூன்றாவது கல்யாண ஓலை வாசித்த ஞாயிறு, ஏற்கெனவே இருந்த மனைவி குழந்தையோடு வந்து கோயிலில் நின்றாள். சாமியார் எல்லார் முன்னாலும் அப்பாவைக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா கடுதாசி இல்லாமல் யாரையும் நம்புவதில்லை. அப்பாவை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. பொய் சொல்லி வந்த ஒருவனுக்குப் போட்ட பூட்டு, பொய்யே சொல்லத் தெரியாத ஒரு வீட்டின் மேல் விழுந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

செபமாலை மாதம் பிறந்தது. அந்த வருஷம் மழையும் கூடவே வந்தது. ஊர்வலம் கிளம்பும் நேரத்துக்குத் தூறல் விழும். கிழங்குக் காட்டிலிருந்து ஈர மண் வாசனையும் ரோட்டிலிருந்து டீசல் வாசனையும் சேர்ந்து வரும்.

அக்கா தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்துக்கு அம்மா என்னைத் தாத்தா பக்கத்தில் உட்காரச் சொல்லி அனுப்புவார். தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போய் வர நேரமாகும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைத்துவிட்டுப் போவேன். யார் முன்னாலும் பேச வராத எனக்கு அவரோடு உட்காருவது பயமாக இல்லை. அவருக்கும் பேச வராது அல்லவா. முதலில் அவர் பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. "த"வும் "ர"வும் அவர் வாயில் நிற்காது. போகப் போகப் பழகிவிட்டது. கொஞ்ச நாளில் அக்காவுக்கு அடுத்து அவர் பேச்சு புரிகிற ஆள் நான்தான். இது யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அவர் தினமும் கேட்பது ஒன்றுதான்.

"பாப்பா, இன்னிக்கு மாதா யாரு வூட்டுல?"

நான் சொல்வேன். கிளீனர் மாமா வீட்டில், டீக்கடை அத்தை வீட்டில்.

"நம்ம வூட்டுக்கு எப்ப?"

நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"உங்கப்பன்தான பெரிய ஆளு. கேட்டுட்டு வா" என்று சிரிப்பார். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் மேலே போகும்.

நான் கேட்டேன். அது எனக்குப் பெரிய காரியம். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று, "அப்பா, கடைசி வீட்டுக்கு மாதா எப்பங்கப்பா?" என்று கேட்டேன்.

"அவங்க வந்து கேக்கட்டும். மாதா வேணும்னு நெனைக்கறவங்க நிலைப்படிக்கு வருவாங்க" என்றார். பிறகு, "பெரியவங்க சங்கதி உனக்கெதுக்கு? போய்ப் படி" என்றார்.

ஊர்வலம் எங்கள் வரிசை வழியாகப் போகிற நாட்களில் அக்கா கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடுவார். தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் தலையணையும் பழைய சாக்கும் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைப்பார். கதவு விரியத் திறந்திருக்கும். வாசலில் கோலம் இருக்கும். உள்ளே ஸ்டூல் மேல் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு தம்ளரில் கோழிக்கொண்டைப் பூ வைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நாம் பாடிக்கொண்டே போவோம். தாத்தா நல்ல கையைத் தூக்கிச் சிலுவை போட்டுக்கொள்வார். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாதா தாண்டிப் போய்விடுவார்கள். திரும்பிப் பார்த்தால் தம்ளர்ப் பூவும் மெழுகுவர்த்தியும் தெரியும். அப்புறம் லாரி ஒன்று நடுவில் போகும்.

அந்த வாசலைப் பார்த்த ஒருவருக்கும் என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. ஸ்டூலில் துணி விரித்துக் காத்திருக்கும் வீடு மாதாவை வேண்டாமென்று சொல்லுமா? ஆனால் அவர்கள் வந்து கேட்கவில்லை. கேட்காத வீட்டுக்குப் போவதில்லை. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்வலம் தோட்டத்து வீட்டு வாசலில் மட்டும் தவறாமல் நிற்கும். தோட்டத்துக்காரரின் மனைவியான தோட்டத்தம்மா நம் ஆள் இல்லை. மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர். என்றைக்கோ அவர் மகனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது மாதாவுக்கு மாலை போடுவதாக வேண்டிக்கொண்டார். அதிலிருந்து வருஷா வருஷம் மல்லிகை மாலையும் தேங்காயும் தருவார். வீடுகள் அவர்களுடையவை, வழியும் அவர்களுடையது. அப்பா ஊர்வலத்தை நிறுத்தி, மாலையை வாங்கிக் கூட்டுக்குப் போட்டு, ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றது. மாதம் முடியப் போகிற சமயம். தோட்டத்தம்மா மாலையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார்.

"ஏனுங் தம்பி, ஒண்ணு கேக்கோணும்."

"சொல்லுங்கம்மா."

"அந்தக் கடைசி ஊட்டுப் பொண்ணும் உங்க சாமியத்தானுங்களே கும்புடுது?"

"ஆமாங்க."

"அப்பறம் ஏனுங் உங்க சாமி அந்த ஊட்டுக்கு மட்டும் போகமாட்டீங்குது? தெனமும் அந்தப் பெரியவரைக் கட்டலோட வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்குதே, பாக்கப் பாவமா இருக்குது சாமி."

"அவங்க இன்னும் பங்குல சேரலீங்கம்மா."

தோட்டத்தம்மா தன் வாசலைக் கை காட்டினார். "நானும்தான் சேரலீங். என்ற ஊட்டு வாசல்ல நின்னுட்டுத்தானுங்களே போறீங்க" என்றார். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

பாட்டு நின்றுபோயிருந்தது. என் கையில் மெழுகு உருகி விரல் இடுக்கில் ஓடியது. அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. முதலாளி எல்லார் முன்னாலும் திட்டும்போது அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா பட்டறையிலிருந்து வந்து குளிக்கக்கூட இல்லை. நேராகக் கடைசி வீட்டுக்குப் போனார். அம்மாவும் போனார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா, மாதா உங்க வீட்டுக்கு வரணும்னு உனக்கு ஆசை இருக்குதா இல்லியா?" என்றார் அப்பா. குரல் கோபமாக இருந்தது. தன் மேல் இருந்த கோபம் போலிருக்கிறது.

அக்கா பதறிப் போனார். "என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? மொத நாள்லருந்து வாசலத் தொறந்து வச்சிக்கிட்டுதான இருக்கறேன்."

"அப்பறம் ஏன் வந்து கேக்கல? வந்து நிலைப்படியில நின்னு கேட்டாத்தானே எடுத்துக் குடுப்போம்?"

"கேக்கணுமா?" அக்காவுக்குப் புரியவில்லை. "எங்கூர்ல யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. எந்த வூட்ல மாதா இருக்குதோ அந்த வூட்டுக்காரங்களே அடுத்த வூட்டுக்குத் தூக்கியாந்து வைப்பாங்க. நம்ம வாசலத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கணும். போய்க் கேட்டா மாதாவை அவசரப்படுத்தற மாதிரின்னு எங்க அம்மா வையும்."

அப்பாவின் பார்வை வெள்ளைத் துணி விரித்த ஸ்டூலுக்குப் போனது.

"கடுதாசி?" என்றார், மெதுவாக.

"இவரை யார்கிட்டண்ணே வுட்டுட்டுப் போறது?" என்று அக்கா கட்டிலைக் காட்டினார். "அவரு வண்டியிலருந்து வந்ததும் ஊருக்குப் போய் வாங்கியாறச் சொல்லலாம்னு இருந்தேன். நம்ம மேல எதோ கோவம்னு மாமா நெனச்சிக்கிட்டாரு. நாம என்ன தப்புப் பண்ணோம்னு தெனமும் கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா வெளியே வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது, "நாளைக்கு மாதா அங்க போறாங்க. அவங்க ஊர் முறைப்படி நாமளே கொண்டு போறோம்" என்று மட்டும் சொன்னார்.

அதேபோல அப்பாவே கூட்டைத் தன் தலையில் தூக்கிக்கொண்டார். நம் பெண்கள் எல்லாரும் வந்தார்கள், பூசையிலிருந்து ஓடுவதைச் சொல்லிச் சிரித்தவர்களும்தான். அக்காவின் வீடு கொள்ளவில்லை. பாதிப் பேர் தூறலில் நின்றார்கள். தாத்தாவுக்கு யாரோ முகம் மழித்துவிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செபமாலை முடிகிற வரைக்கும் அவர் மாதாவைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர்களைக்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

செபம் முடிந்ததும் அப்பா கட்டிலோரம் குனிந்தார்.

"பெரியவரே, மாதா வந்துட்டாங்க. சந்தோஷந்தானுங்களே?"

தாத்தாவின் வாய் அசைந்தது. அவர் நல்ல கையால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். கடைவாயில் எச்சில் வழிந்தது.

"என்னம்மா சொல்றாரு?" என்று அப்பா அக்காவைக் கேட்டார்.

அக்கா தாத்தாவைப் பார்த்தார். பிறகு அப்பாவை. "தோத்திரம் சொல்றாருண்ணே. மாதாவுக்குத் தோத்திரம், எல்லாருக்கும் தோத்திரம்னு சொல்றாரு."

அப்பாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் விழுந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ பாட்டு எடுத்தார்கள்.

தாத்தா சொன்னது தோத்திரமும் இல்லை, நன்றியும் இல்லை. எனக்குப் புரிந்தது. "மாதா தெனமும்தான் இந்த வழியா வந்துச்சு. நீங்க எங்கடா போயிருந்தீங்க? நானும் உங்க ஆளுதானடா" என்றார். இதையே இரண்டு தடவை சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்தது. சுண்டல் தட்டை என் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் குடு பாப்பா" என்றார். நான் கொடுத்தேன். என் தட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு கையையும் பார்க்கக் கூசியது.

அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை. கடுதாசி இல்லாமலே பேர் சேர்ந்தது. முதல் வெள்ளிக்குச் சாமியார் நன்மை கொண்டுவந்தார். நம் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கஞ்சி எடுத்துப் போனார்கள். அக்கா ஞாயிறு பூசை முடிகிற வரை நின்றார், கடைசி ஆசீரும் வாங்கினார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தாத்தா இறந்தபோது கோயிலில் துக்க மணி அடித்தது. பட்டறையே லீவு விட்டுவிட்டு வந்தது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவரைத் தூக்கிப் போக ஆட்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஆத்தூரில் இருந்திருந்தால்கூட இவ்வளவு கூட்டம் வந்திருக்காது என்று அக்காவின் புருஷன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு வண்டி வேலையை விட்டுவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஊரோடு போய்விட்டார்.

என் மகனுக்கு நான் சொல்ல நினைக்கும் பதில் இதுதான். தாத்தா கட்டிலில் கிடந்தபோது சாமி அவரோடு இல்லாமலா இருந்தார்? இருந்தார். மாதாவும் வாசல் வழியாகத்தான் போனார்கள். அவருக்கு இல்லாமல் போனது நாம். படுத்த இடத்தில் ஒருத்தன் தன் ஆட்களைத் தேடுவான். அவனால் நடந்து வந்து கேட்க முடியாது. அவன் பேர் நமக்குத் தெரிந்திருந்தால் நாம் போவோம். பங்கில் பேர் இருப்பது அதற்குத்தான். நல்ல காலோடு இருக்கிற வரைக்கும் அது புரியாது. போனில் பூசை பார்க்கலாம். போனிலிருந்து யாரும் கஞ்சி எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். ஆனால் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவைப் பற்றி, தாத்தா அவரிடம் நிஜமாகச் சொன்னதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

அப்பா கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் இருந்தார். வெல்டிங் புகை நெஞ்சில் இறங்கி, எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்கும். அவருக்கு ஒன்றும் குறையில்லை. முதல் வெள்ளி தவறாமல் நன்மை வந்தது. அன்பியத்துப் பிள்ளைகள் வாரா வாரம் வந்து செபம் சொன்னார்கள். அக்டோபரில் மாதா வந்தபோது, படுக்கையிலிருந்து பார்க்கும்படி கூட்டை அவர் கால்மாட்டிலேயே வைத்தார்கள்.

செபமாலை முடிந்து எல்லாரும் சுற்றி நின்றபோது அப்பா அந்தக் கதையைச் சொன்னார். வருஷா வருஷம் சொல்வதுதான். "முறை முறைன்னு நின்னேன். ஒரு அம்மா கேட்ட கேள்வியில கண்ணு தொறந்துச்சு. தப்புப் பண்ணிட்டேன். ஆனா அந்தப் பெரியவரு மனசுல ஒண்ணும் வச்சுக்கல. என் சட்டையைப் புடிச்சுக்கிட்டுத் தோத்திரம் சொன்னாரு" என்று மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷம் கோயிலுக்குள் நிமிர்ந்து போய் வந்தார் என்று எனக்குத் தெரியும்.

இளம் பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நம்பவில்லை என்று அப்பாவுக்குப் பட்டதோ என்னவோ, தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

"நீ அங்கதானம்மா நின்னுக்கிட்டிருந்தே. நீ சொல்லு. அவரு என்ன சொன்னாரு?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகனும் கதவோரம் நின்றிருந்தான்.

"தோத்திரம்னுதானுங்கப்பா சொன்னாரு" என்றேன்.

அப்பா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கேட்டீங்களா?" என்றார்.